முகத்தில் விழும் ஒளி: யூலியா மார்கரட் கமரனின் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒளியும் நிழலுமே ஒளிப்படக்கலையின் மொழி என்பர். அக்கூற்று உண்மையாயின், பிற மொழிகளைப் போலவே அம்மொழியும் எல்லாரையும் ஒரே வகையில் விளிப்பதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி மதிப்புடன் அழைப்பதும், இன்னொருவரைக் கூட்டத்தில் ஒருவராகச் சுட்டிவிட்டு நகர்வதும் பேச்சில் நிகழ்வது போல முகப்படத்திலும் நிகழ்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த முகப்படக் கலைஞர்களுள் ஒருவரான யூலியா மார்கரட் கமரனின் (1815–1879) ஆக்கங்கள் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துவன. அவர் தமது இறுதி ஆண்டுகளை இலங்கையிற் கழித்தவர் என்பதனால் அவை நமது சிந்தனைக்கு மேலும் உரியனவாகின்றன.

கல்கத்தாவிற் பிறந்த கமரன், இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்த காலத்தில், 1863 ஆம் ஆண்டின் இறுதியில், மகள் பரிசாக அளித்த கமராவைக் கொண்டே இக்கலையிற் புகுந்தார். அப்பொழுது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூடு படமெடுக்கும் கண்ணாடி மனையாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. அக்காலத்து வணிக நிலையங்கள் முகமெங்கும் சமமாக ஒளி பரவச் செய்து, வரைந்த திரையின் முன்னே முழு உருவத்தை நிறுத்தி, ஒவ்வொரு பொத்தானும் துல்லியமாகத் தெரியும் வண்ணம் படம் பிடித்தன. கமரன் இவை யாவற்றையும் மறுத்தார். சாளரங்களை மறைத்து, ஒரு பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ மட்டும் ஒளியை வரவிட்டார். கரிய துணியால் உடலை மறைத்து, முகத்தை மட்டும் இருளிலிருந்து எழச் செய்தார். றெம்பிராண்ட் முதலான ஓவியர்கள் தூரிகையாற் செய்ததை ஒளிப்படத்தாலும் செய்யலாம் என்பதே அவரது துணிபு.

1867 ஆம் ஆண்டு அவர் எடுத்த வானியலறிஞர் சேர் யோன் ஹேர்ஷலின் படம் இம்முறையின் உச்சம் எனலாம். உடையும் பின்னணியும் இருளில் ஒன்றிப் போகின்றன. நரைத்த தலைமயிர் ஒளிவட்டம் போல் மிளிர்கின்றது. கண்களின் கீழுள்ள சுருக்கங்கள் ஒவ்வொன்றையும் நிழல் ஆழப்படுத்துகின்றது. இங்கே முதுமை உடலின் தளர்ச்சியாகத் தோன்றவில்லை. நெடுங்காலச் சிந்தனையின் தழும்பாகவே தோன்றுகின்றது. அதே ஆண்டில் எடுக்கப்பட்ட தோமஸ் கார்லைலின் படத்தில் முகம் சற்றே அசைந்து கலங்கியுள்ளது. அக்கலக்கத்தை அவர் குறையாகக் கொள்ளவில்லை. அம்முகத்தை மைக்கல் ஏஞ்சலோவின் செதுக்கி முடியாத கற்பாறைக்கு ஒப்பிட்டார்.

படம் பிடித்த பின் அதனைத் திருத்தும் வேலை கணினியுடன் தோன்றியதன்று. கண்ணாடித் தகட்டிலே தூரிகை கொண்டு சுருக்கங்களை மறைப்பது அன்றைய நிலையங்களின் வழக்கம். கமரனோ கறைகளையும் கீறல்களையும் பெரும்பாலும் அப்படியே விட்டார். சிலவேளை தகட்டைத் தாமே சுரண்டி வேண்டாத பகுதியை நீக்கினார். கவனமற்ற வேலை என அக்காலத்து ஒளிப்பட இதழ்கள் பழித்தன. எதைத் திருத்துவது, எதை விடுவது என்பது கைத்திறனை மட்டும் பொறுத்ததன்று. முகத்தைப் பற்றிய கருத்தையும் பொறுத்தது என்பதை அவ்விதழ்கள் உணரவில்லை.

ஆயின், இவ்வொளி யாவர்க்கும் ஒரே வகையில் வழங்கப்பட்டதா? அறிஞரும் கவிஞரும் தத்தம் பெயராலேயே ஒளிபெற்றனர். அவரது வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியர் கன்னி மரியாளின் கோலத்தில் மீண்டும் மீண்டும் படமாக்கப்பட்டார். அவருக்கும் அழகிய ஒளி கிடைத்தது. ஆனால் இன்னொருத்தியின் பெயரை ஏற்ற பின்னரே கிடைத்தது. மூன்றாவது படிநிலையை இலங்கையிற் காண்கின்றோம்.

1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமரனே இவரது கணவர். அவருக்கு இத்தீவிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. குடும்ப வருவாய் அவற்றிலும் தங்கியிருந்தது. 1869 இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துவந்த காலத்தில், 1875 இல், இருவரும் இங்கு வந்து குடியேறினர். கமரன் இங்கு எடுத்த படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் கமரா பின்வாங்கி நிற்கின்றது. முகத்தைவிட உடலும் உடையும் நிற்கும் நிலையுமே முதன்மை பெறுகின்றன. ஹேர்ஷலின் நெற்றியிற் சிந்தனையைக் கண்ட நிழல் இங்கு அருகிவிடுகின்றது.

1878 இல் எடுக்கப்பட்ட படமொன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதாகும். அதிலுள்ள சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளின் தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் கூறுகிறார் என்றும் கமரன் குறித்து வைத்துள்ளார். வயது குறிக்கப்பட்டது, உறவும் குறிக்கப்பட்டது, பெயர் மட்டும் குறிக்கப்படவில்லை. ஹேர்ஷலின் முதுமை மாண்பாயிற்று. களுத்துறை முதியவரின் முதுமை வியப்புக்குரிய செய்தியாயிற்று.

வெப்பமே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். ஈரத் தகடு காயுமுன் வேலையை முடிக்கவேண்டிய அம்முறைக்கு இந்நாட்டு வெயில் இடர் விளைத்தது உண்மையே. எனினும் 1877 இல் களுத்துறைக்கு வந்த ஆங்கில ஓவியர் மரியன் நோர்த்தைக் கமரன் அதே வெயிலிற் கம்பளித் துணி போர்த்தி, கூந்தலை அவிழ்த்து, தென்னோலைகளின் முன் நிறுத்திப் பெருமுயற்சியுடன் படமெடுத்தார். நோர்த் தமது நினைவுக் குறிப்பில் இதனை நகைச்சுவையுடன் விவரித்துள்ளார். ஆகவே வெயில் மட்டும் முழு விளக்கமாகாது.

இதனைக் கமரனின் தனிப்பட்ட ஒழுக்கக் குறைபாடாகக் கொள்வது மேலோட்டமான முடிவாகும். தோட்ட உரிமையாளரின் மனைவிக்கும் அம்மண்ணின் உழைப்பாளிக்கும் இடையிலிருந்த உறவே கமராவுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரத்தைப் பெருமளவு தீர்மானித்தது. அவரின் கலைமேதைமையால் வணிக நிலையத்தின் விதிகளை மீற முடிந்தது; அவ்வுறவை முற்றாக மீற முடியவில்லை. அவரது சிறப்பை ஏற்றுக்கொண்டே இவ்வெல்லையையும் சுட்டுவது திறனாய்வின் கடன்.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது போற் தோன்றும். கணினியில் எம்முகத்தையும் நொடிப்பொழுதில் இருளில் ஆழ்த்தி, ஒரு கன்னத்தை மட்டும் ஒளிரச் செய்யலாம். கொழுந்து பறிக்கும் மூதாட்டியின் முகச் சுருக்கங்கள் ஹேர்ஷலின் சுருக்கங்களைவிட ஆழமாக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. கமரன் இங்கு வழங்கத் தவறிய நிழல் இன்று தாராளமாகவே வழங்கப்படுகின்றது. ஆயினும் அப்படங்களின் கீழே ‘உழைப்பு’ என்றோ ‘மலையக முகம்’ என்றோ எழுதப்படும்போது, மேரி ஹிலியருக்கு நேர்ந்ததே அம்மூதாட்டிக்கும் நேர்கின்றது. ஒரு முகத்தின் மேல் ஒளியைச் செலுத்தும் கலைஞர், அம்முகத்துக்கு உரியவரின் பெயரையும் கேட்டறியக் கடமைப்பட்டவர். களுத்துறை முதியவர் தம் வயதைச் சொன்னார். கேட்டிருந்தால் தம் பெயரையும் சொல்லியிருப்பார்.