23 கிலோவில் ஒரு சமையலறை

வெளிநாடு போகிறவரின் பெட்டியை முந்தின இரவு எடைபோடும் காட்சி சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றேதான். வீட்டில் திடமானவர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மிஷினில் ஏறி நிற்பார். பிறகு வெறுங்கையோடு ஏறுவார். இன்னொருவர் கழித்துச் சொல்வார். கனடா, அமெரிக்கா என்றால் பெரும்பாலும் பெட்டிக்கு 23 கிலோ. கூடிப்போனால் முதலில் வெளியே வருவது சட்டை, அடுத்தது புத்தகம். சாப்பாட்டுச் சாமான் மட்டும் அசையாது.

பெட்டியைத் திறந்தால்தான் ஊர் தெரியும். தமிழ்நாட்டுப் பெட்டியில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். சாம்பார்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல். ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். எழுதாவிட்டால் மூன்றாம் மாதம் எது ரசம், எது சாம்பார் என்று மோந்து பார்க்க வேண்டிவரும். யாழ்ப்பாணப் பெட்டியில் ஒரே பெரிய பை: மிளகாய்த்தூள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று தனித்தனியே வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டியது. மீன் குழம்புக்கும் அதுதான், கத்தரிக்காய்க் கறிக்கும் அதுதான், ஆட்டிறைச்சிக்கும் அதுதான். மிச்ச இடத்தில் ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, வேப்பம்பூ வடகம்.

பெட்டி கட்டும் சௌகரியத்தை மட்டும் பார்த்தால் யாழ்ப்பாணத்தாருக்கே என் ஓட்டு. ஒரு தூளில் வாரம் முழுவதும் ஓடிவிடும். ஆனால் வாசனை விஷயத்தில் அவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். நம் சாம்பார்பொடியில் பருப்பு சேர்கிறது, வறுப்பும் இளசு. அவர்களுடையது கருஞ்சிவப்பாகும்வரை வறுபடுவது. மூன்று உறை போட்டு டேப் சுற்றினாலும் குளிர்காலக் கோட்டு ஊர் மணத்தோடுதான் போய் இறங்கும்.

இந்த வித்தியாசத்துக்கு ருசி மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர். அடுத்த விடுமுறை எப்போது என்று அவருக்குத் தெரியும். அவருடைய அம்மா அதுவரைக்கும் எத்தனை கரண்டி பொடி வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அரைக்கிறார். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அகதியாகப் போன ஈழத்தமிழருக்கு அந்தக் கணக்கே இல்லை. 1990-இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டது. 2002 போர்நிறுத்தத்தில் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. ஆளே வர முடியாத காலத்தில் தூள் எப்படி வரும்? அங்கேயே வறுக்கப் பழகினார்கள். ஃபிளாட்டில் செத்தல் மிளகாயை வறுத்தால் புகை அலாரம் அலறும், மேல்மாடிக்காரர் இருமிக்கொண்டு கதவைத் தட்டுவார். தனி வீடு வாங்கியதும் கார் நிற்கும் கராஜுக்கு அடுப்பை மாற்றினார்கள். இன்று டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் பாரிஸின் லா ஷப்பலிலும் இலங்கைத் தூள் கடைக்குக் கடை அடுக்கியிருக்கிறது. அப்படியும் ஊருக்குப் போகிறவர் ஒரு பை கொண்டுவராமல் இருப்பதில்லை. கேட்டால், "கடையில எல்லாம் இருக்குது அக்கா, எங்கட அம்மான்ர தூள் மாதிரி வராது" என்பார்கள். இதைச் சொல்லும்போது ஒரு பெருமை. அடுத்த நொடியே, இராத்திரி முழுக்க வேனில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அதைச் சுமந்து வந்த அலுப்பைப் பற்றிப் புலம்பல்.

அடுத்தவர் பார்சல் என்னும் தொல்லை இரண்டு பக்கமும் உண்டு. "அரை கிலோகூட இருக்காது தம்பி" என்று கடைசி இரவில் வரும் சித்தப்பா சென்னையிலும் இருக்கிறார். "ஒரு சின்னப் பாசல்தான் பிள்ளை" என்று வரும் மாமி யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார். அந்த அரை கிலோ எப்போதும் ஒன்றரை கிலோதான். மறுக்க முடியாது, நம்முடைய பொட்டலமும் என்றோ ஒருநாள் யாருடைய பெட்டியிலோ போனதுதான்.

சுங்கம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் வரும் இடத்தில் நம் தமிழ்நாட்டு ஆட்களுக்குத்தான் பதற்றம் அதிகம். குருமாவுக்கும் மசாலாவுக்கும் போடும் கசகசா துபாயில் தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு பாட்டியின் அன்பளிப்பு பேரனைப் போலீஸ் அறையில் உட்காரவைத்துவிடும். யாழ்ப்பாணத் தூளில் கசகசா கிடையாது. ஆஸ்திரேலியாவில் பால்கோவாவைப் பிடுங்கிக்கொள்வார்கள், கோமாரி நோய் பயம். யாழ்ப்பாணப் பெட்டியின் இனிப்பான தொதல் தேங்காய்ப்பாலில் கிண்டுவது, அதற்குப் பால் பற்றிய கேள்வியே எழாது. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா விடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரலாம் என்று. வறுபட்டுத் தூளுக்குள் போன இலையில் எந்தப் பூச்சி உயிரோடு இருக்கும்? அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலிட்டருக்கு மேல் பொடியைக் கைப்பையில் வைத்தால் 2018 முதல் தனியே சோதிக்கிறார்கள். இதில் மட்டும் ஒரே பெரிய பைக்காரர் மாட்டிக்கொள்வார், பொட்டலக்காரர் தப்பிப்பார்.

திரும்பி ஊருக்கு வரும் பெட்டி வேறு கதை. 1893-இலிருந்து அமிர்தாஞ்சன் தேய்த்துவரும் நாட்டில், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் கோடாலித் தைலம் கொண்டுவராவிட்டால் பெரியப்பா முகம் சுருங்கிவிடும். இலங்கையரோ தைலத்தை ஊரிலிருந்து கொண்டுபோகிறார்கள்: சித்தாலேப. கூடவே தடிமனுக்குக் குடிக்க சமஹன். ஊருக்கு வரும்போது பெட்டி நிறைய சாக்லேட். யாழ்ப்பாணத்தில் எந்த நாட்டுச் சாக்லேட்டானாலும் அது கண்டோஸ்தான். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தும் பால்மாவும் தட்டுப்பாடானபோது பெட்டி தலைகீழாகியது. கண்டோஸை எடுத்துவைத்துவிட்டு மாத்திரையும் பால்மா டின்னும் அடுக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். சென்னைப் பெட்டிக்கு அப்படியொரு வருடம் வந்ததில்லை.

இப்போது மறுபடி கண்டோஸ் கேட்கிறார்களாம். கறுப்பு வேண்டாம், கசக்குதாம். பால் போட்டதுதான் வேண்டுமாம்.