தொடாத மோவாய்: ஒரு கிராமத்து ஸ்டூடியோவை முன்வைத்து

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்று தாத்தா. 1997இல் அவர் செத்த அன்று நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. மற்றது ஆயா. தாத்தாவுக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லாமல் போனதைப் பார்த்துவிட்டு, 'என்னையும் மூக்குல பஞ்சோட மாட்டிடாதீங்கடா' என்று சொல்லி, அடுத்த வருஷம் அவளே ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. தாத்தாவின் தலை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி நேராக இருக்கிறது. ஆயாவின் தலை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. மோவாய் உள்ளிழுத்திருக்க, கண் மட்டும் மேலே பார்க்கிறது.

இந்தச் சாய்வைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். கேமராவின் கண் ஆணின் கண், அதிகாரத்தின் கண். அதற்கு முன் நேராக உட்கார மறுத்த ஒரு கிராமத்துப் பெண்ணின் உடல் இது. சாய்வு என்பது மறுப்பின் மொழி. இப்படிப் போயிற்று கட்டுரை. 1980இல் ரொலான் பார்த் தன் புகைப்பட நூலில் அம்மாவின் சிறுவயதுப் படத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதிவிட்டு அந்தப் படத்தை மட்டும் அச்சிடாமல் விட்டதைச் சொல்லி, நானோ என் ஆயாவின் படத்தைத் திரையில் காட்டி, ஒரு நாடகமும் ஆடினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். படம் மஞ்சளேறிப் போயிருப்பதைக் 'காலத்தின் நிறம்' என்று எழுதியிருந்தேன். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன வருஷம் அந்தப் படத்தை எடுத்தவரைப் பார்க்கப் போனேன். காலனியில் இருக்கிறார், அறுபதைத் தாண்டிவிட்டார். இப்போது அவரை அண்ணே என்று கூப்பிடுகிறேன். சிறுவயதில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஊர்த்தெருப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் என்னை அன்றும் இன்றும் 'நீங்க' என்றுதான் சொல்கிறார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கட்டுரையின் சாரத்தை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல தம்பி. தாவாங்கட்டையத் தொட்டு நிமித்தணும். நான் தொடல, அவ்ளோதான். கூட வர்றவங்கள விட்டு நிமித்திக்குவேன். அன்னிக்கு ஆயாகூட வந்தது நீங்கதான், சின்னப் பையன். நீங்க நிமித்திவிட்டீங்க. நான் கேமராகிட்ட வர்றதுக்குள்ள மறுபடியும் சாஞ்சிடுச்சு. வயசானவங்க இல்ல?"

கட்டுரை அந்த இடத்தில் செத்துப்போயிற்று. அந்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். திரையில் வரைந்திருந்த படிக்கட்டும் அன்னமும் ஞாபகமிருக்கின்றன. கை நீட்டி ஆயாவின் மோவாயை நிமிர்த்தியது ஞாபகமில்லை.

ஒரு கிராமத்தில் ஸ்டூடியோ வைப்பது என்றால் என்ன? கேமரா வாங்குவது, இடம் பிடிப்பது, லைட் போடுவது என்று நாம் நினைப்போம். அவர் சொன்ன வரிசை வேறு. எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை. அத்தனை வருஷமும் டார்க் ரூமுக்குள்தான். ரோல் கழுவுவது, பிரிண்ட் போடுவது, டச்சிங் பண்ணுவது. முன்னறையில் ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுக்கும் வேலை அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "எந்த ஊருன்னு கேப்பாங்க இல்ல" என்றார்.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்தது. அடுத்த வருஷம், மனைவியின் கம்மலை அடகு வைத்து, பழைய யாஷிகா மேட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊர்த்தெருவில் கடை கிடைக்கவில்லை. ஊர் ரோடு பஸ் ரோட்டில் சேரும் முனையில், வெளியூர்க்காரர் ஒருவரின் கட்டடத்தில், சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறை கிடைத்தது. குறுக்கே தடுத்துப் பின்பக்கம் டார்க் ரூம். இரண்டு 500 வாட் பல்பு, தகரக் கூண்டு, ஒரு ஸ்டூல், கையில்லாத ஒரு நாற்காலி, வரைந்த திரை, ஒரு கண்ணாடி. பூ வைத்துப் பின்னிய ஜடை தெரிய வேண்டுமானால் பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி வைத்தாக வேண்டும் என்பது எல்லா ஸ்டூடியோக்காரர்களுக்கும் தெரிந்த சூத்திரம்.

அப்புறம் தண்ணி. இதை எந்தப் புகைப்படக் கோட்பாட்டாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஹைப்போவில் போட்டு எடுத்த பிரிண்டை ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். அலசாமல் விட்டால் ஹைப்போ காகிதத்திலேயே தங்கி, சில வருஷங்களில் படம் மஞ்சளாகும், வெளிறும். கடைக்கு எதிரே ஊர்க்குழாய் இருந்தது. அதில் அவர் பிடிக்க முடியாது. காலனிக் கைப்பம்பிலிருந்து சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் குடம் கொண்டுவருவார். அதற்குள் அன்றைய எல்லாப் பிரிண்டும் அலசியாக வேண்டும். எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் எடுத்த படங்கள் பெரும்பாலும் மஞ்சளேறிக் கிடக்கின்றன. ஊர்த்தெரு வீடுகளிலும்தான். எதிரே இருந்த குழாயை அவருக்கு மறித்தவர்களின் முகங்களும் அதே இரண்டு குடத்தில்தான் அலசப்பட்டன. நான் 'காலத்தின் நிறம்' என்று எழுதியது இதை.

பார்வை, பார்க்கப்படுதல், பிம்பம், மரணம் என்று புகைப்படத்தைப் பற்றி நாம் படித்ததெல்லாம் கண்ணைச் சுற்றியே நிற்கிறது. ஐரோப்பாவில் அதற்கு ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களில் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் கழுத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வி. வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் அந்தக்கால ஸ்டூடியோவில் சித்திரவதைக் கூடத்தின் சாயலையும் அரியணை மண்டபத்தின் சாயலையும் சேர்த்தே பார்க்கிறார். அப்படியொரு ஸ்டூடியோவில் நிற்க வைக்கப்பட்ட குழந்தை காஃப்காவின் படத்தைப் பற்றி எழுதுகிறார். சரிதான். ஆனால் அங்கே தலையைப் பிடித்தது இரும்பு. நம் ஊரில் தலையைப் பிடிக்க வேண்டியது ஒரு மனுஷனின் கை. அந்தக் கைக்கு ஒரு தெரு இருக்கிறது.

தொடுதலுக்கு இங்கே இன்னொரு வரலாறும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்த மாகாணத்து மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்தார், படமும் எடுத்தார். 1909இல் அது ஏழு தொகுதிகளாக வந்தது. வெள்ளைக்காரனின் கருவி எந்தத் தலையையும் தொடலாம், தீட்டில்லை. பஸ் ரோட்டு முனையில் ஸ்டூடியோ வைத்தவருக்கு அந்த உரிமை கிடையாது. காலனியக் கேமராவை விமர்சிப்பது நமக்குச் சுலபமாக வருகிறது. அதே சுறுசுறுப்போடு ஊர்த்தெருவின் மோவாயைப் பற்றி நாம் எழுதவில்லை. நம்மில் பலருக்கு அது சொந்த மோவாய்.

தாத்தா படத்துக்கு வருகிறேன். அது எப்படி நேராக இருக்கிறது? சாவுக்கு அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். தெருவுக்குள், வாசல் வரைக்கும். தாத்தாவை நாற்காலியில் வைத்துத் துணியால் கட்டியிருந்தார்கள், தலை நிற்கவில்லை. "நிமித்திப் புடிடா" என்று யாரோ சொல்ல, இவர் கழுத்துக்குப் பின்னால் துணி சுருட்டிக் கொடுத்து, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, மோவாயைச் சரிபண்ணி, பின்னால் வந்து எடுத்திருக்கிறார். மூடியிருந்த இமைமேல் கண்ணைப் பிறகு பிரிண்டில் வரைந்தார்.

"அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லல தம்பி. ஒங்க ஆயாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

பிணத்தைத் தொடலாம். சாவுக்குப் பறையடிப்பதும் குழி வெட்டுவதும் காலனிக்கு என்று ஒதுக்கிய ஊர், சாவுப்படத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. உயிரோடு இருக்கும் மோவாய்தான் ஸ்டூடியோவுக்கு ஆகாது. ஒரே கை, ஒரு வருஷ இடைவெளி, இரண்டு படம். எங்கள் வீட்டுச் சுவரில் 27 வருஷமாக இது தொங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்து, பார்த்தையும் பெஞ்சமினையும் படித்து, அதன் கீழே உட்கார்ந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டூடியோவைக் கொண்டாடும் எழுத்து ஒன்று உண்டு. கிறிஸ்டஃபர் பின்னி மத்தியப் பிரதேசத்து நாக்தா என்ற ஊரை வைத்து எழுதி, 1997இல் வந்த நூல் அதில் முக்கியமானது. ஸ்டூடியோ என்பது ஒருவன் தான் ஆக விரும்புகிறவனாக ஆகிப் பார்க்கும் இடம், ஒரு முகம் பல முகமாகும் இடம் என்பது அதன் வாதம். இதை நான் ஒதுக்கவில்லை. அவருடைய ஸ்டூடியோவில் அது நடந்திருக்கிறது. ஆணியில் ஒரு கோட்டும் டையும் எப்போதும் தொங்கும். நூற்றாண்டுக்குப் பிறகு காலனிப் பையன்கள் கோட்டுப் போட்டு, கையில் புஸ்தகத்தோடு நின்று எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குக் கோட்டு முழங்கால் வரை வந்தது. அந்தப் படங்களில் தலைகள் நேராக இருக்கின்றன. அவரே தொட்டு நிமிர்த்தியவை. அவற்றில் நாலைந்தைக் காட்டினார். அதில் ஒரு பையனின் தோளில், படத்தின் ஓரத்தில், விலக மறந்த அவருடைய விரல் நுனி விழுந்திருக்கிறது. "வேஸ்ட் ஆயிடுச்சி, வேற எடுத்துக் குடுத்தேன்" என்றார். நான் பார்த்த ஸ்டூடியோ படங்களிலேயே முக்கியமானது அதுதான் என்பேன்.

ஆனால் அதே ஆணியில் இன்னொரு கோட்டும் தொங்கியது. ஊர்த்தெருப் பையன்களுக்கு. இரண்டு சீப்பு, இரண்டு பவுடர் டப்பா. டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இரட்டைச் சீப்பைப் பற்றி யார் எழுதியது? இதில் கசப்பான விஷயம், அதை வைத்தவர் அவரேதான். "நீங்களே எப்படிண்ணே வெச்சீங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "ஒரே சீப்பு வெச்சா அவங்க வர மாட்டாங்க. காலனிய மட்டும் வெச்சு வாடகை குடுக்க முடியாது. கடை நடக்கணுமே" என்றார். என் கோபம் எந்த யோக்கியதையில் வந்தது என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அந்த இரண்டாவது சீப்பில் தலைவாரியவன் நான்.

(ஒரு இடைச்செருகல். சேஷன் காலத்தில், 1993இல், வாக்காளருக்குப் படத்தோடு அடையாள அட்டை என்று உத்தரவு வந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் வைத்து எடுத்தார்கள். ஒரே ஸ்டூல். ஊரும் காலனியும் வரிசையாக அதில் உட்கார்ந்து எழுந்தன. தலை சாய்ந்ததா நிமிர்ந்ததா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. "எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி அசிங்கமா வந்திச்சி" என்று சிரித்தார். அரசின் அலட்சியத்தில் கிடைத்த சமத்துவம்!)

கலர் வந்தபோது ரோலைத் திண்டிவனம் லேபுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. டச்சிங் வேலை போயிற்று. டிஜிட்டலுக்கு மாறப் பணமில்லை. 2012இல் கடையை எடுத்துவிட்டார். செல்போனில் அவரவர் முகத்தை அவரவரே எடுத்துக்கொள்ளும் காலத்தில் தொடும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். தீரவில்லை. அதைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நெகட்டிவ்கள் கொஞ்சம் இருக்கின்றன. பாதியை வெள்ளி எடுப்பவர்களுக்கு எடைக்குப் போட்டுவிட்டார். மீதி ஒரு பிஸ்கட் டின்னில், ஒன்றோடொன்று ஒட்டிப்போய். பழைய ஸ்டூடியோ படங்களைச் சேகரித்து ஆவணப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடலாமே என்றேன். கேட்டலாக்கில் ஊர், வருஷம், உடை, திரை எல்லாம் எழுதுவார்கள். எந்தச் சீப்பு, யார் நிமிர்த்தியது என்பதற்கு எங்கே இடம் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி. அவர் வேறு சொன்னார். "ஒங்க வீட்டுது ரெண்டும் இருக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க. மத்தவங்களோடது அவங்கவங்க வந்து கேக்கட்டும். நான் எப்பிடிக் குடுக்கறது?"

ஆயாவின் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நெகட்டிவில் கறுப்பு வைத்தால் பிரிண்டில் வெளுப்பாக விழும். சுருக்கத்தை அப்படித்தான் மறைப்பார்கள். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மோவாய் முழுக்க, ஊசிபோல் சீவிய பென்சிலின் சின்னச் சின்னக் கோடுகள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"ஒரு ராத்திரி" என்றார்.