கிராம சபையும் சமபங்கு வாக்கும்: கன்யாகுமரி மாவட்டத்தை முன்வைத்து

பொதுப்பணத்தில் எந்த வேலைகளைச் செய்வது என்பதை மக்களே முடிவுசெய்யும் முறை பங்கேற்பு பட்ஜெட் எனப்படுகிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-ல் தொடங்கியது. கேரளத்தின் 1996-ம் ஆண்டு மக்கள் திட்டமும், 2006 முதல் புனே மாநகராட்சி மேற்கொண்ட முயற்சியும் இவ்வகையின் இந்திய உதாரணங்கள். தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் இருப்பது கிராம சபை. அங்கே வேலைகள் தீர்மானமாக முன்வைக்கப்படுகின்றன, கூடியவர்கள் ஏற்கிறார்கள். எவ்வளவு பேர் எதை விரும்பினார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் எழுவதில்லை.

விகிதாசார வாக்கு இந்தியாவுக்குப் புதியது அல்ல. மாநிலங்களவைத் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடக்கிறது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற உறுப்பினர்கள் 6 இடங்களுக்கு வாக்களிக்கும்போது 34 வாக்குகள் பெற்றவர் வெல்கிறார். பெரும்பான்மைக் கட்சி ஆறு இடங்களையும் அள்ளிக்கொள்ள முடியாது. சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கிடைத்த இந்த நியாயம் ஊர்க்கூட்டம் வரை இறங்கவில்லை.

பெரும்பான்மையின் கணக்கு

பெரும்பான்மை முறையிலும் சிறுபான்மையினர் வெல்வதுண்டு. அவர்கள் ஒரே இடத்தில் திரண்டு வாழவேண்டும். 1954-ல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களைப் பெற்றதற்கு முக்கியமான காரணம் தமிழர்கள் தெற்கு வட்டங்களில் செறிந்து வாழ்ந்தது. 1956 நவம்பர் 1-ல் கன்யாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்ததில் அந்த வெற்றிக்கும் பங்குண்டு. கிராம சபையில் இந்த வழி இல்லை. வார்டுகள் கலைந்து எல்லாரும் ஒரே பந்தலில் அமர்கிறார்கள். கடற்கரைக் குடியிருப்பும் வயல்புறத்துக் குடியிருப்பும் ஒரே ஊராட்சியில் இருந்தால், அதிகம் பேர் வந்த பக்கமே எல்லாத் தீர்மானங்களையும் எடுத்துச் செல்லும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சபையில் 100 பேர், தொகை 10 லட்சம். வயல்புறத்தார் 60 பேர் குளத்துப் பக்கச்சுவர் (4 லட்சம்), தெருவிளக்கு (3 லட்சம்), சாலை (3 லட்சம்) மூன்றையும் விரும்புகிறார்கள். கடற்கரையார் 40 பேர் கேட்பது வலைபின்னும் கூடம் ஒன்று மட்டும் (4 லட்சம்). கைதூக்கினால் 10 லட்சமும் வயல்புறத்துக்கே போகும்.

சமபங்கு முறை இந்த இடத்தில் தலையிடுகிறது. பியர்சினஸ்கி, பீட்டர்ஸ், ஸ்கோவ்ரோன் ஆகிய ஆய்வாளர்கள் வகுத்த இம்முறையை 2023-ல் போலந்தின் வியெலிச்கா நகரமும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் நடைமுறைப்படுத்தின. இதில் ஒவ்வொருவர் கையிலும் தொகையின் சமபங்கு, இங்கே 10,000 ரூபாய், இருப்பதாகக் கொள்ளப்படும். ஒரு வேலையை விரும்புபவர்களே அதன் செலவைப் பகிர்வார்கள். தலைக்கு மிகக் குறைவாக விழும் வேலை முதலில் தேர்வாகும். கடற்கரையாரின் 40 பங்கு சரியாக 4 லட்சம், ஆகவே கூடம் எழுகிறது. விளக்குக்கும் சாலைக்கும் தலைக்கு 5,000 வீதம் கொடுத்ததும் வயல்புறத்தார் பங்கு தீர்ந்துவிடுகிறது.

குளம் விடுபடுவது

விடுபட்டது குளம். அதற்குத் தலைக்கு 6,667 ரூபாய் ஆகும் என்பதால் அது பின்னால் போய்விட்டது. இம்முறையின் குறை இந்த இடத்தில்தான் தெரிகிறது. குழுக்களிடையே அது காட்டும் நியாயம் மறுக்கமுடியாதது. ஆனால் பிரித்துக் கொடுக்கத்தக்க சிறிய வேலைகளுக்கு அது சாய்வு கொள்கிறது. வேலையின் மதிப்பை அதன் செலவாலேயே அளக்கும் மாற்று வடிவமும் உண்டு. அதில் வயல்புறத்து வேலைகள் மூன்றும் சமநிலைக்கு வரும். குளம் தேர்வானால் மிஞ்சும் 2 லட்சத்தில் விளக்கும் போடமுடியாது, சாலையும் போடமுடியாது. மிச்சத்தை என்ன செய்வது என்பதற்குத் தனி விதி வேண்டியிருக்கிறது.

நாஞ்சில்நாட்டில் இது வெறும் கணிதச் சிக்கல் அல்ல. 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்கள் வழியே குளம் குளமாக நிரம்பிக் கடைமடைக்குச் செல்கிறது. ஓர் ஊராட்சியின் குளக்கரை உடைந்தால் காய்வது அடுத்த ஊராட்சியின் வயலாக இருக்கலாம். அந்த வயலுக்குரியவருக்கு இந்தச் சபையில் வாக்கு இல்லை. வாக்காளர்களுக்கிடையே பங்கைச் சமமாக்கும் எந்த முறையும், யார் வாக்காளர் என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறது. தமிழில் இத்தகைய முறைகளை அறிமுகம் செய்பவர்கள் இந்த இடத்தைக் கடந்துசெல்லக்கூடாது.

வருகையும் ஒரு பிரச்சினை. 3,000 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால் சபை செல்லும். வந்தவர்களின் விகிதம் ஊரின் விகிதம் ஆகாது. கடலுக்குப் போனவர் மே 1 காலையில் எப்படி வருவார்? வாக்குச்சீட்டை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே சமபங்கு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

பேரூராட்சிகள்

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இம்மாவட்டத்தில் உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி கன்யாகுமரி மாவட்ட மக்களில் 82 சதவீதத்தினர் நகர்ப்புறத்தினர். 95 கிராம ஊராட்சிகள் தவிர்த்த பகுதி பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நாகர்கோவில் மாநகராட்சியிலும் அடங்குகிறது. தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் கொண்ட பல ஊர்கள் சட்டப்படி நகர்ப்புறம். அங்கே கிராம சபை கிடையாது. 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. ஆனால் அக்குழுவின் உறுப்பினர்களை மன்றம் நியமிக்கிறது, மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர்களின் விருப்பமே குழுவிலும் அமரும்.

விகிதாசார முறையைச் சோதிக்க ஏற்ற இடம் இந்த வார்டு குழுக்களே. ஒரு வார்டுக்குச் சில இடங்கள், ஒப்புதல் வாக்குச்சீட்டு, ஒரு கணினி போதும். தொகைப் பங்கீட்டில் வரும் குளச் சிக்கல் உறுப்பினர் தேர்வில் இல்லை, ஏனென்றால் எல்லா இருக்கைகளின் விலையும் ஒன்றுதான். டென்மார்க்கின் தீலேயும் ஸ்வீடனின் ஃப்ராக்மெனும் 1890-களிலேயே இத்தகைய குழுத்தேர்வுக்கு விதிகளை எழுதிவிட்டார்கள். விதிகளில் நியமனம் என்ற சொல்லைத் தேர்தல் என்று மாற்ற அரசாணை ஒன்று வேண்டும்.