காயாத படகு

ஜொகூரின் பண்டார் தெங்காராவில் ஒரு வீட்டு வாசலில் படகு தொங்குவதைக் காணும் வழிப்போக்கன், இது வெள்ளம் வந்து வடிந்த ஊர் என்று நினைப்பானே தவிர, நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த இவ்வூரில் ஒரு மனிதன் உல்லாசத்துக்காகப் படகு வாங்கி வைத்திருப்பான் என்று அவனுக்குத் தோன்றாது. அந்த மனிதன் நான்தான். படகு, காற்றடைத்து மிதக்கவிட்டு, பிறகு காற்றை இறக்கிச் சுருட்டி முதுகுப்பையில் போட்டுக்கொள்ளும் ஜாதியைச் சேர்ந்தது. பேக்ராஃப்ட் என்று அதற்குப் பெயர். ஒன்பது வாரமாக அது என் வீட்டில் குடித்தனம் நடத்துகிறது. அந்த ஒன்பது வாரத்தில் அது தண்ணீரில் இருந்தது ஏழு நாள். மற்ற நாளெல்லாம் அது காய்ந்துகொண்டிருந்தது, அல்லது காய்ந்துவிட்டது என்று நான் ஏமாந்துகொண்டிருந்தேன்.

எடை எத்தனை கிலோ, துணி எத்தனை டெனியர், எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றையெல்லாம் விளம்பரத் தாளிலேயே கண்டுகொள்ளலாம். அவற்றில் பொய் இல்லை. விலை, ஓரளவு நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் விலை. கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. அது பனி பெய்யும் தேசமொன்றில் இருக்கிறது என்பதும், அதன் சாமான்களிடம் எனக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பற்று உண்டு என்பதும், அந்தப் பற்று இல்லாதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது என்பதும் வாசகர் அறிந்தால் போதும்.

முதலில் நியாயமாக அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படகுக்குப் பம்பு கிடையாது. மெல்லிய நைலான் பை ஒன்று தருகிறார்கள். அதன் ஒரு முனையைப் படகின் வாயில் திருகி, மறு முனையை அகல விரித்து, களத்து நெல்லைக் கோணியில் வாருவது போல் காற்றை ஒரு வீச்சில் வாரி, வாயைச் சுருட்டிப் பிடித்து மார்போடு அணைத்து அமுக்கினால், பையிலிருந்த காற்று படகுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இப்படிச் சில நிமிஷம் வாரினால், கையகலத் துணிமூட்டையாகக் கிடந்தது கண்ணெதிரே உடம்பெடுத்து எழுந்து நிற்கிறது. கடைசியில் வாயால் நாலு ஊது ஊதி இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அறுபது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இப்படியொரு குழந்தைச் சந்தோஷம் வாய்ப்பது அபூர்வம். அதற்காகவே பாதி விலையைக் கொடுக்கலாம்.

நான் இதை வாங்கிய நோக்கம், ஆற்றோடு இரண்டு மூன்று நாள் போய், கரையில் கூடாரமடித்துத் தங்கிவரும் பிரயாணம். எங்கள் பக்கத்து ஜொகூர் ஆறு அதற்கு உதவாது. மேலே லிங்கியூ நீர்த்தேக்கம் தடுத்து நிற்கிறது, கீழே கோத்தா திங்கிக்கு அப்பால் முதலை பயம். ஆகையால் எண்டாவ் ரொம்பின் காட்டைத் தேர்ந்துகொண்டேன். குளுவாங் வழியாகக் காஹாங் போய், அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செம்மண் பாதையில் நாலு சக்கர விசை வண்டியில் குலுங்கிச் சென்றால் ஜக்குன் பழங்குடி மக்கள் வாழும் கம்போங் பெத்தா வரும். முன்கூட்டிப் பெர்மிட் எடுக்கவேண்டும், ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ள வேண்டும், வடகிழக்குப் பருவமழையில் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும். இவை தவிர நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' இணையதளத்தைத் திறந்து, ஆற்றின் மட்டம் சாதாரணம், கவனம், எச்சரிக்கை, அபாயம் என்னும் நான்கு நிலைகளில் எதில் நிற்கிறது என்று பிரயாணத்துக்கு ஒரு வாரம் முந்தியிருந்தே காலையும் மாலையும் பார்த்துக்கொள்வேன். 2006 டிசம்பரிலும் மறுபடி 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதைக் கண்ட எங்கள் வட்டாரத்தார், ஆற்றைப் பற்றி ஆற்றிடமே விசாரித்துக்கொள்வது நலம் என்று கற்றுக்கொண்டவர்கள்.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். முடியாதது எதுவென்று பிரயாணம் போய்வந்த பிறகுதான் தெரிந்தது.

படகின் பின்புறத்தில், காற்றுக்குழாயின் மேலேயே, காற்று கசியாத ஸிப் ஒன்று தைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து, கூடாரம், துணிமணி, அரிசி, மீன்டின் எல்லாவற்றையும் காற்றுக்குழாயின் உள்ளேயே வைத்து மூடிவிடலாம். பாரம் தாழ்ந்து நிற்பதால் படகு ஆடுவதில்லை. மேலே மூட்டை இல்லாததால் ஜெராமில் (நீர் சீறிப் பாயும் இடத்தில்) பாறைகளுக்கு நடுவே திருப்பும்போது துடுப்பு எதிலும் இடிப்பதில்லை. கம்பெனி இதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறது; நானும் சந்தோஷமாகவே கொடுத்தேன். என் மருமகன் (தங்கையின் மகன், பிரயாணத்தில் எனக்குத் துணை) ஸிப் இல்லாத படகை வாங்கினான். "சாமான மேல கட்டிக்கலாம் மாமா, அதுக்குப் போயி இவ்ளோ காசா?" என்று அவன் கேட்டபோது, நாகரிகமறியாத பிள்ளை என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தக் காட்டிலுள்ள குவாலா ஜாசினிலிருந்து கீழ்நோக்கிப் புறப்பட்ட முதல் பிரயாணத்தில், இரண்டாம் நாள் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மாதத்தில் எங்கள் பக்கம் மழை பிற்பகலில்தான் வரும் என்பது வழக்கம். அன்று வழக்கம் தவறியது. நனைந்த கூடாரத்தை முறுக்கிப் பிழிந்து, வேறு வழியின்றி அப்படியே ஸிப்புக்குள் திணித்துவிட்டு இறங்கினோம். வழிகாட்டியான ஜக்குன் பெரியவர் தம் நீண்ட படகின் நுனியில் உட்கார்ந்தபடி என் படகைக் கையால் அமுக்கிப் பார்த்து, இதற்கு எலும்பே கிடையாதா என்று மலாயில் கேட்டார். எலும்பு இல்லாததால்தான் முதுகில் சுமக்க முடிகிறது என்று கொஞ்சம் கர்வத்தோடு பதில் சொன்னேன். அவருடைய படகைக் கரையில் இழுத்துப் போட்டால் அதன் பிறகு அதை யாரும் கவனிக்கவேண்டியதில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வீடு திரும்பி மறுநாள் ஸிப்பைத் திறந்தேன். பழைய ரப்பர்ப் பால் கொட்டகையில் கழுவாமல் விட்ட தொட்டியிலிருந்து வருமே, அந்த நாற்றம். கையை விட்டால் தோள்வரை போகிறது. ஆனால் காற்றுக்குழாயோ படகைச் சுற்றிவந்து மறுபுறம் முடிகிறது. என் கையோ பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே ஈரம் பிசுபிசுக்கிறது. சட்டையைப் போல உட்புறத்தை வெளியே திருப்ப வழியில்லை. வெயிலில் போடலாமென்றால், நேரடி வெயிலில் நெடுநேரம் வைக்காதீர் என்று கையேடு சொல்கிறது. அதே கையேட்டில் வேறோரிடத்தில், மடித்து வைக்குமுன் முழுவதும் உலர்த்தவும் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. எப்படி என்று இல்லை; அதை எழுதினவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திராது. குளிரும் வறட்சியும் சேர்ந்த தேசத்தில் நனைந்த வஸ்துவைக் கொட்டகையில் மாட்டி, வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போனால், காலையில் அது காய்ந்திருக்கும். ஜொகூரில் இரவெல்லாம் காற்றே ஈரமாக இருக்கிறது. அந்த ஈரக் காற்றைத்தான் நான் நைலான் பையில் வாரி வாரி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன், காயவைப்பதாக நினைத்து.

பத்து நாள் கழித்து உட்புறத் துணியில் மிளகு தூவியது போல் கரும்புள்ளிகள் கண்டன. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய துக்கம் ஒன்று திரும்பியது. இதே கம்பெனியின் கூடாரம் ஒன்று என்னிடம் இருந்தது. மூன்றாம் வருஷம் அதன் உட்பூச்சு கசிந்து, விரித்தால் பலாப்பழப் பிசின் போல் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பாலியூரித்தேன் பூச்சுகளில் ஒரு வகை, ஈரத்திலேயே கிடந்தால் நீரின் மூலக்கூறுகளால் சிறுகச் சிறுக அறுபட்டு இப்படிக் கரைந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஈரத்தைத் தாங்கும் இன்னொரு வகை உண்டு. இந்தப் படகில் இருப்பது அந்த நல்ல வகைதான் என்கிறார்கள். இருக்கலாம். கூடாரத்தையும் அவர்கள் ஈரத்துக்கு அஞ்சாதது என்றுதான் விற்றார்கள்.

காற்றடைத்த சிறுபடகு என்பது புதிய யோசனையன்று. 1840-களிலேயே பீட்டர் ஹால்கெட் என்னும் ஆங்கிலேயக் கடற்படை லெப்டினன்ட், ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி தைத்து, ஊதினால் அது படகாகவும், கைத்தடி துடுப்பாகவும், குடை பாயாகவும் மாறும்படி செய்தார். ஜான் ரே என்னும் யாத்திரிகர் ஆர்க்டிக் பிரதேசத்தில் அவருடைய படகை உபயோகித்திருக்கிறார். அந்த அங்கியை அணிந்தவர் அதன் உட்புறத்தை எங்ஙனம் உலர்த்தினார் என்று இப்பொழுது நான் யோசிக்கிறேன். நம்மவர்களின் பரிசல் இந்த விஷயத்தில் எவ்வளவு மேலான வஸ்து! ஒகேனக்கல்லில் சவாரி முடிந்ததும் பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு போகும்போதே தண்ணீர் வடிந்துவிடுகிறது. உட்புறம் என்று ஒன்று இருந்தால்தானே அங்கே ஈரம் தங்கும்?

என் வீட்டுக்காரி இரண்டாம் வாரம்வரை பொறுமையாக இருந்தாள். துணி காயப்போடும் கம்பி முழுவதையும் படகு எடுத்துக்கொண்ட அன்று, "ஏங்க, மூணு நாள் ஆத்துக்குப் போய்ட்டு வந்ததுக்கு மூணு வாரம் வீட்டுல படகோட்டணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. பிரயாணத் திட்டத்தில் புறப்படும் நாள், தங்கும் இடம், திரும்பும் நாள் என்று மட்டும் எழுதியிருந்தேன். உலரும் நாட்களைக் கணக்கில் சேர்க்காதவன் இந்தத் தேசத்தில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு பிரயாணம் போக முடியாது என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் ஷீட் காயவைத்த மனிதர். 1877-இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த இருபத்திரண்டு கன்றுகளிலிருந்து பெருகிய பால்மரங்களை நம்பி எங்கள் ஜனங்கள் கடல் கடந்து வந்தார்கள். வந்து, பாலை எடுப்பது பாதி வேலை, உறைந்ததை உலர்த்துவது மறு பாதி என்று அறிந்தார்கள். அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்து வரிவரியாகத் தகடாக்கிய ரப்பரை வெறும் காற்றில் விட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். ஆகையால் புகைக்கூடத்தில், ஒன்றையொன்று தொடாதபடி மூங்கிற் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை மூட்டி, நாலைந்து நாள் வைப்பார்கள். ராத்திரியில் எழுந்துபோய்த் தகடுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வரும் அப்பாவின் மேல் அந்த வாசனை இருக்கும். காய்ந்ததா இல்லையா என்பதை அவர் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஈரம் நின்ற இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படிப்பட்டவரின் மகன், பூஞ்சணம் பூத்த படகை வைத்துக்கொண்டு கையேட்டில் ஒற்றை வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புகை போட முடியாது. சூடு இந்தத் துணியின் ஒட்டுகளைப் பிரித்துவிடும். ஆனால் புகைக்கூடத்தின் சூத்திரம் சூடு மட்டுமன்று. தொங்கவிடுவதும், கீழிருந்து காற்று ஏறி மேலே வெளியேற வழிவிடுவதும் அதில் உண்டு. சாமான் அறையில் இரண்டு மூங்கிற் கழிகளைக் குறுக்கே கட்டி, படகை ஸிப் மேல்நோக்கியிருக்கும்படி மாட்டி, ஸிப் வாய் மூடிக்கொள்ளாமல் ஒரு தேங்காய் மட்டையை இடையில் கொடுத்து, கீழே காற்றூதும் வாயில், மருமகன் கொண்டுவந்த சின்ன மின்விசிறியோடு ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினேன். வாசனைக்கும் பூஞ்சணத்துக்கும் நீர் கலந்த காடியில் துணியை நனைத்துக் குச்சியில் சுற்றிக் கையெட்டாத இடமெல்லாம் துடைத்தேன். மூன்றாம் பிரயாணத்துக்குப் பிறகு இந்த முறையில் மூன்று நாளில் உலர்ந்துவிட்டதாகத் தோன்றியது. ஸிப்பின் பற்களில் ஆற்றுமணல் ஏறாமல் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து மசகு போடும் வேலை தனி. அது அரைமணி நேரம்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: படகை வாங்குங்கள், ஸிப்பை வாங்காதீர்கள். மருமகனின் படகு, ஆற்றிலிருந்து வந்த அன்று மாலையே துடைத்து, காற்று இறக்கி, அவனுடைய மைவி காரின் பின்பெட்டியில் ஏறிவிட்டது. சாமான்களை நீர்புகாப் பைகளில் போட்டு முன்புறத்தில் கட்டிக்கொண்டு அவன் எங்கேயும் கவிழவில்லை. இதை அவன் எனக்கு ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை என்பதை அவன் நற்குணத்துக்கு அடையாளமாக இங்கே பதிவு செய்கிறேன்.

கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதினேன். வறண்ட, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து உலர்த்தும்படி மரியாதையாகப் பதில் வந்திருக்கிறது. இதை எழுதும்போது மணி மூன்றரை. லிங்கியூ பக்கம் இடி கேட்கிறது. அடுத்த அறையில் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று முன் கைவிளக்கை எடுத்துப்போய், ஸிப்பைப் பிரித்து உள்ளே வெளிச்சம் காட்டிப் பார்த்தேன். கோடியில், கை எட்டாத இடத்தில், இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது.