30 சதவீதம் என்பது 9 சதவீதம்தான்

ஒரே ஆள் ஒரே கருவியால் ஒரே பொருளைத் திரும்ப அளந்தால் எவ்வளவு மாறுகிறது? அது ரிப்பீட்டபிலிட்டி. ஆள் மாறினால் எவ்வளவு மாறுகிறது? அது ரீப்ரொடியூசிபிலிட்டி. இரண்டும் சேர்ந்ததுதான் கேஜ் ஆர் அண்ட் ஆர். வழக்கமாக 10 பொருள், 3 பேர், ஆளுக்கு 2 அல்லது 3 தடவை. இதற்கு வேதம் மாதிரி இருப்பது அமெரிக்க வாகனத் துறை அமைப்பான ஏஐஏஜியின் எம்எஸ்ஏ கையேடு (4-ஆம் பதிப்பு, 2010). 10%க்குக் கீழே நல்லது, 30%க்கு மேலே ஆகாது.

என் பிரச்சினை அந்த % குறியோடுதான். ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க: கருவி 24%, ஆள் 18%, பொருள் 95.4%. கூட்டினால் 137.4 வருது! இவை திட்டவிலக்கங்கள். அப்படியே கூட்டக்கூடாது, வர்க்கங்களைத்தான் கூட்டணும். 24-ம் 18-ம் சேர்ந்தால் 42 இல்லை, 30. செங்கோண முக்கோணம் மாதிரி.

வர்க்கத்தில் பார்த்தால் கருவி 5.8%, ஆள் 3.2%, பொருள் 91%. ஆக, தள்ளுபடி விளிம்பில் நிற்கும் கருவி மொத்த மாறுபாட்டில் தின்பது வெறும் 9%. டொனால்ட் வீலர் பல வருஷமாகச் சொல்வதும் இதுதான். அவர் முறையில் பொருளின் பங்கு 80%ஐத் தாண்டினாலே முதல் வகுப்பு.

எல்லைகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதே என்று கையேடே எச்சரிக்கிறது. ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டம் சிவப்பானால் அதை யார் படிக்கிறார்கள்? ஒன்று, நல்ல கருவி குப்பைக்குப் போகும். இல்லையென்றால், அளவில் ரொம்ப வித்தியாசமான 10 பொருளைப் பொறுக்கி வைப்பார்கள். பகுதி பெரிசாகும், சதவீதம் இறங்கும், கட்டம் பச்சையாகும். கருவி மட்டும் அப்படியேதான் இருக்கும்.