பட்டறை வேலைக்குப் பத்து மார்க்

இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ என்று ஒரு பாடம் உண்டு. 1990-ல் தேசியப் பாடத்திட்டத்தோடு வந்தது. அதுவரை மரவேலை, உலோக வேலை, மனையியல் என்று தனித்தனியாக இருந்ததையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கினார்கள். வாத்தியார் காட்டியதை அப்படியே செய்யாமல், பசங்க தாங்களே ஒரு தேவையைக் கண்டுபிடித்து, வரைந்து, செய்து பார்க்க வேண்டும் என்பது நோக்கம்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாடம் எதை மதிக்கிறதுன்னு தெரிய, முன்னுரையைப் படித்தால் போதாது. மார்க் எங்கே போகிறதுன்னு பார்க்கணும்.

16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வை எடுத்துக்கொள்வோம். 2017-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு பாதி, புராஜெக்ட் பாதி. ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியம் புராஜெக்டுக்கு 100 மார்க் வைத்திருக்கிறது. ஆய்வுக்கு 10, தேவைக் குறிப்புக்கு 10, யோசனைகளுக்கு 20, அவற்றை வளர்த்தெடுக்க 20, மதிப்பீட்டுக்கு 20. பொருளைச் செய்து முடிப்பதற்கும் 20. அதாவது மொத்தப் பாடத்தில் செய்வதற்குக் கிடைப்பது 10 சதவீதம்.

இதற்கு முன் எப்படி இருந்தது? அதே வாரியத்தின் மரம்-உலோகம்-பிளாஸ்டிக் பாடத்தில் புராஜெக்டுக்கு 60 சதவீதம். அதில் 90 மார்க்குக்கு 32 மார்க் செய்வதற்கு. கணக்குப் போட்டால் சுமார் 21 சதவீதம் வரும். ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டார்கள். புராஜெக்டுக்கான நேரமும் சுமார் 45 மணியிலிருந்து 30-35 மணிக்கு இறங்கியது.

மாற்றியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாரியம் இப்போது ஒவ்வொரு ஜூன் 1 அன்றும் பொதுவான சில சூழல்களை மட்டும் வெளியிடுகிறது. அதில் யாருக்கு என்ன செய்வது என்று மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும். வகுப்பு முழுக்க ஒரே மாதிரிப் பெட்டி செய்வதைவிட இது எவ்வளவோ மேல். ‘வளர்த்தெடுத்தல்’ பகுதியில் மாதிரிகள் செய்து பார்ப்பதும் அடங்கும் என்பதால், கைக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது.

என் சிக்கல் வேறு. யோசிப்பதைத் தனியாகவும் செய்வதைத் தனியாகவும் பிரித்து மார்க் போடலாம் என்ற நம்பிக்கைதான் எனக்கு இடிக்கிறது. மரப்பலகை ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அனேகமாக விரியாது. இது தெரியாத பிள்ளை அகலமான மேசைப்பலகையை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி வரையும். படம் அழகாக இருக்கும். மேசை பின்னால் வெடிக்கும். இழைக்கு எதிராக உளியைத் தள்ளி மரம் பிய்ந்ததைப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த முறை எந்தக் கட்டையை எந்தத் திசையில் வைப்பது என்று வரையும்போதே தோன்றும். இதைப் பட்டறைத் திறமை என்பதா, டிசைன் என்பதா? எனக்குக் கோடு போடத் தெரியவில்லை.

கை பழகாத பிள்ளை வேறென்ன வரையும்? தனக்குச் செய்ய வருவதைத்தான். லேசர் கட்டரில் வெட்டிய தட்டையான ப்ளைவுட் துண்டுகளைக் கோர்த்து ஒரு பெட்டி. லேசர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கதிர் தின்னும் இடைவெளியைக் கணக்கில் எடுத்து இணைப்பு வைப்பதும் திறமைதான். ஆனால் வளைப்பது, செதுக்குவது, வார்ப்பது எதுவும் தெரியாதபோது யோசனையும் தட்டையாகிவிடுகிறது. ‘யோசனைகள்’ பகுதியின் 20 மார்க்கும் அங்கேயே அடிபடுகிறது.

காகிதத்தில் இருப்பதைச் சரிபார்ப்பது சுலபம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். செய்த பொருளுக்கு ஃபைலில் புகைப்படம்தான் சாட்சி. இணைப்பு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, இடைவெளியைப் பசையால் நிரப்பியிருக்கிறதா என்று படத்தில் எப்படித் தெரியும்?

இந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே அடி விழுந்திருக்கிறது. 2004-ல் 14 வயதுக்கு மேல் கட்டாயமில்லை என்றாக்கினார்கள். 2010-ல் வந்த ‘இங்கிலிஷ் பேக்கலாரியட்’ பட்டியலிலும் இதைச் சேர்க்கவில்லை. பட்டறை என்றால் இடம், இயந்திரம், உதவியாளர் என்று செலவு. செய்வதற்கு 10 சதவீதம்தான் என்றால், அந்தச் செலவை வெட்ட நினைக்கும் தலைமையாசிரியரிடம் என்ன வாதாட முடியும்?

பழையபடி எல்லோரும் ஒரே பெட்டி செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. புராஜெக்ட் தொடங்கும் முன் ஒரு சின்னப் பயிற்சி வேலை: ஒரு இணைப்பு, ஒரு வளைவு, ஒரு துளை. ஆசிரியர் கையில் வாங்கி, ஆட்டிப் பார்த்து மார்க் போடட்டும். அதற்கு ஒரு 10 சதவீதம் கொடுத்தால், பின்னால் வரும் வரைபடங்களே மாறும் என்று நினைக்கிறேன்.