கிறித்துவ ஒழுக்கமும் மக்களின் இயல்பூக்கமும்

ஜெர்மானியத் தத்துவ ஆசிரியராகிய நீட்சே (1844–1900), ஒழுக்கத்தின் பிறப்பு வரலாறு பற்றி 1887-இல் வெளியிட்ட நூலில், கிறித்துவ ஒழுக்கம் மக்களின் இயல்பூக்கங்களைப் பகையாக்கிக் குற்றவுணர்ச்சி என்னும் நோயை வளர்த்தது என்று கடிந்துரைத்தார். பாதிரிமாரோடு வாதிடுவார்க்கு இது நல்லதொரு படைக்கலமாகத் தோன்றும். ஆயின் சைவர் அதனை எடுத்தாளுதல் பொருந்தாது. அந்நூலின் மூன்றாம் பகுதி துறவுநெறியையே தாக்குகின்றது. வேதாந்தமும் பௌத்தமும் அதற்குத் தப்பவில்லை. உயிர் பாசத்தாற் கட்டுண்டது என்னும் கொள்கை மட்டும் தப்புமோ?

கிறித்துவத்தை அதன் ஆசிரியர் வாய்மொழி கொண்டே அளத்தல் முறை. அகஸ்தீனார் (354–430) இளமையில் மனிச்சேயர் மதத்தைத் தழுவி நின்று, பின்னர் அதனை மறுத்தவர். உடம்பு இறைவன் படைப்பாதலின் இயல்பால் நன்றே என்பது அவர் துணிபு. ஆகவே கிறித்துவம் உடம்பையே பாவம் என்கின்றது எனல் வெறும் பழியுரை. குறை வேறிடத்தது. ஆதாம் செய்த பிழையின் கேடு, காமத்தோடு கூடிய பிறப்பின் வழியே மக்களனைவரையும் பற்றுகின்றது என்று அவர் நாட்டினார். அங்ஙனம் நாட்டவே, இயல்பூக்கம் குற்றம் புகும் வாயிலாயிற்று. பிறந்த குழவியும் தான் செய்யாத வினைக்கு உரியதாயிற்று.

சித்தாந்தம் இவ்விடத்தே பிரிகின்றது. ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதி. ஒருவர் செய்கையால் வந்ததன்று, பிறப்பாற் பரவுவதுமன்று. தனு கரணங்களோ, அவ்விருளில் விடியுமளவும் உதவ மாயையினின்று இறைவன் ஆக்கியளித்த விளக்கு. மலம் அநாதியாயின் உயிர்க்குப் பொறுப்பு எங்ஙனம் என்று கிறித்துவர் வினவுதல் கூடும். நேரிய வினாவே அது. மலம் உண்மையாற் பழி இல்லை. அம்மல மறைப்பில் நின்று 'யான், எனது' என்று உயிர் செய்யும் வினைக்கே பொறுப்பு என்பது விடை.

இவ்வேறுபாடு விளங்கப் பெரியபுராணமே சாலும். படப்பை வட்டாரத்துக் குன்றத்தூரில், இன்று தொழிற்சாலைகள் மிக்க அப்பகுதியில், தோன்றிய சேக்கிழார், திருநீலகண்ட நாயனார் பரத்தையிற் பிரிந்த பிழையை மறைத்திலர். மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டற்க என்றபோது கூறிய சொல் பன்மையாய் இருந்தது. அதுகொண்டு நாயனார் மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டாராயினார். இச்சையோடு நோக்கும் நோக்கையும் பிழையெனும் ஏசுநாதர் மலைப்பிரசங்கத்தினும் இக்கட்டுப்பாடு எளிதன்று. ஆனால் அது பிறவிக்குற்றத்தின் அச்சத்தால் வந்ததன்று, திருநாமத்தின்மேல் வைத்த அன்பால் வந்தது. இருவரும் ஒரே மனையில், அயலார் அறியாமல், முதுமை எய்துமளவும் அங்ஙனமே வாழ்ந்தனர். இறுதியில் சிவயோகியாக வந்த பெருமானின் ஏவலால், மூங்கிற் கோலின் இருமுனையும் பற்றித் திருப்புலீச்சரத்துக் குளத்தில் மூழ்கினர்.

எழுந்தபோது அவர்க்கு வாய்த்தது இளமை. இயல்பூக்கத்தைப் பகையெனக் கொண்ட புராணமாயின், அம்முதுமை உடம்போடேயே அவரை வீடுசேர்த்து முடித்திருக்கும்.